பூட்டிய அறையில் போடும் மார்க்

"உங்க வேலையில ஒரு குறையும் இல்லை. நான் நாலுதான் போட்டேன். பெல் கர்வ்ல அடிபட்டுடுச்சு."

வருஷ வேலைக்கு ஐந்துக்கு இத்தனை என்று ரேட்டிங் போடும் ஐடியில் நாலைந்து வருஷம் தள்ளிய யாரும் இந்த வசனத்தை ஒரு தடவையாவது கேட்டிருப்பார்கள். பெல் கர்வ் என்பது, இத்தனை சதவீதம் பேருக்குத்தான் உயர்ந்த மார்க், இத்தனை பேருக்குக் கடைசி மார்க் என்று முன்கூட்டியே பங்கு பிரித்து வைப்பது. ஏப்ரல், மே மாதங்களில் ஓ.எம்.ஆர். பக்கம் எந்த கேன்டீனில் உட்கார்ந்தாலும் பக்கத்து மேஜையில் யாராவது இதைச் சொல்லிப் பொருமிக்கொண்டிருப்பார்கள். இதில் என்னை உறுத்துவது, முடிவெடுத்த ஆள் என்று ஒருவரே இல்லாமல் போவதுதான். மேனேஜர் குறைக்கவில்லையாம். எச்.ஆர். குறைக்கவில்லையாம். மேனேஜர்களுக்கு மேலே இருக்கும் டெலிவரி ஹெட்டைக் கேட்டால் "உங்க மேனேஜர் சொன்னதுதான்" என்பார். புயலில் மரம் விழுந்த மாதிரி, ஒரு மனுஷனின் ஒரு வருஷ உழைப்புக்கு மார்க் அதுபாட்டுக்கு விழுந்துவிடுகிறது.

நான் மேனேஜர் இல்லை. ப்ராஜெக்ட்களின் கணக்கு வழக்கைப் பார்க்கும் பி.எம்.ஓ.வில் இருக்கிறேன். ரேட்டிங் முடிவாகும் கூட்டங்களில் எக்செல் ஷீட்டை ப்ரொஜெக்டரில் போட்டு, அவர்கள் சொல்லச் சொல்ல எண்களை மாற்றுவது என் வேலைகளில் ஒன்று. அதனால் ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்ல முடியும். அந்த எண் தானாக மாறுவதில்லை. ஒரு வாய் சொல்லும், ஒரு விரல் தட்டும். அந்த விரல் பல வருஷமாக என்னுடையது.

ஒன்பது பேர் டீமில் 0.9 ஆள்

பெல் கர்வின் கதை தெரிந்ததுதான், சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். ஜெனரல் எலக்ட்ரிக்கின் தலைவராக இருந்த ஜாக் வெல்ச் ஆட்களை மேல் 20 சதவீதம், நடு 70, கடைசி 10 என்று பிரித்ததைப் பார்த்து ஊரெல்லாம் காப்பியடித்தார்கள். அடோபி 2012இல் வருடாந்தர ரிவ்யூவையே தூக்கியது. மைக்ரோசாஃப்ட் 2013 நவம்பரில் ஆட்களை வரிசைப்படுத்தும் முறையைக் கைவிட்டது. 2015 வாக்கில் அக்சென்ச்சர், இன்ஃபோசிஸ் என்று பலரும் அதே வழிக்கு வந்தார்கள். எங்கள் கம்பெனியிலும் டவுன் ஹால் வைத்து "இனிமேல் பெல் கர்வ் கிடையாது" என்றார்கள். கைதட்டினோம். அடுத்த வருஷமே "டிஸ்ட்ரிப்யூஷன் கைட்லைன்" என்ற பெயரில் அதே சதவீதங்கள் மெயிலில் வந்தன.

வராமல் எப்படி இருக்கும்? சம்பள ஹைக்குக்கு ஒதுக்கிய தொகை ஒன்றுதான். எல்லோருக்கும் ஐந்து போட்டால் அதை எங்கிருந்து கொடுப்பது? பணம் அளவாக இருக்கிறது, பிரித்துத்தான் ஆக வேண்டும் என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். அதை நேராகச் சொல்லிவிட்டால் பாதிக் கோபம் குறையும். அதை விட்டுவிட்டு, காசு போதாததை ஆளின் திறமைக் குறைவாக மாற்றி எழுதுகிறோம் பாருங்கள், அங்கேதான் வயிறு எரிகிறது.

அப்புறம் கணக்கு. பல்லாயிரம் பேரை எடுத்துக்கொண்டால் மணி வடிவ வளைவு தோராயமாகப் பொருந்தலாம். இன்டர்வியூ வைத்துப் பொறுக்கி எடுத்த ஒன்பது பேர் டீமில் எப்படிப் பொருந்தும்? கடைசிப் பத்து சதவீதம் என்றால் அந்த டீமுக்கு 0.9 ஆள். அந்த 0.9ஐ ஒரு முழு ஆளாக ரவுண்ட் பண்ணும் ஃபார்முலா என் ஷீட்டில் இருக்கிறது. யாரோ ஒருவருடைய வீட்டுக் கடன் தவணை அந்த ரவுண்டிங்கில் தொங்குகிறது.

எண்ணைப் பற்றி இன்னொரு சங்கதியும் உண்டு. 2000ஆம் ஆண்டில் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வு, 4,492 மேனேஜர்களை எடுத்து, ஒவ்வொருவருக்கும் இரண்டு மேலதிகாரிகள், இரண்டு சகாக்கள், இரண்டு கீழ்நிலை ஊழியர்கள் போட்ட மார்க்குகளை ஒப்பிட்டது. மார்க்குகளில் இருந்த வேறுபாட்டில் 62 சதவீதம், மார்க் போட்டவரின் சொந்தப் பழக்கத்தால் வந்தது. மார்க் வாங்கியவரின் உண்மையான வேலைத் திறனால் வந்தது 21 சதவீதம். அதாவது உங்கள் மூணு உங்களைப் பற்றிச் சொல்வதைவிட உங்கள் மேனேஜரைப் பற்றித்தான் அதிகம் சொல்கிறது. இதைப் படித்த அன்று எனக்குப் பெரிய அதிர்ச்சியெல்லாம் இல்லை. ஒரே ஆள் மேனேஜர் மாறியதும் இரண்டிலிருந்து நாலுக்குப் போவதை ஷீட்டில் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு நடந்த கூட்டம்

என் எண்ணத்தைப் புரட்டிப் போட்டது ஆய்வு எதுவும் இல்லை, ஒரு நார்மலைசேஷன் கூட்டம். பல டீம்களின் மார்க்குகளை அந்தச் சதவீதங்களுக்குள் அடக்கும் கூட்டம் அது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்திருந்தார்கள். ஐந்து மேனேஜர்கள், டெலிவரி ஹெட், எச்.ஆர். பார்ட்னர், ஓரத்தில் லேப்டாப்போடு நான். நாற்பது சொச்சம் பெயர்கள். நாலு மணிக்கு அறையை அடுத்த டீமுக்கு விட வேண்டும். ஒரு பெயருக்கு இரண்டு நிமிஷம் கிடைத்தால் பெரிது.

முதலில் ஒரு பையன் பெயர் வந்தது. தீபாவளி வாரத்தில் ப்ரொடக்ஷன், அதாவது கிளையன்ட் பயன்படுத்தும் சிஸ்டம், சரிந்தபோது ராத்திரி முழுக்க உட்கார்ந்து மேலே தூக்கியவன். கிளையன்ட் பாராட்டி மெயில் போட்டிருந்தார், அது மேல் அதிகாரிகள் எல்லோர் இன்பாக்ஸிலும் இருந்தது. ஐந்து. பத்து வினாடிகூட ஆகவில்லை. அந்த ராத்திரி விழுந்த மாட்யூலை அதற்கு முந்தைய வாரம் மாற்றியது யார் என்று யாரும் கேட்கவில்லை. எனக்குத் தெரியும், டிக்கெட் ஹிஸ்டரி என்னிடம் இருந்தது. மாற்றியது அதே பையன்தான். அவன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. மாற்றம் செய்கிறவன் கையில்தான் உடையும், உடைந்ததை ஓடாமல் நின்று சரிசெய்தான். ஆனால் அறைக்குள் வந்து சேர்ந்தது கதையின் இரண்டாம் பாதி மட்டும்.

கொஞ்ச நேரம் கழித்து சப்போர்ட் டீமிலிருந்து ஒரு பெண்ணின் பெயர். மாதக் கடைசியில் ராத்திரி மொத்தமாக ஓடும் பேட்ச் வேலைகளைப் பார்ப்பவள். மேனேஜர் நாலு கேட்டிருந்தார். டெலிவரி ஹெட் கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிக்கொண்டு, "என்ன பண்ணினா?" என்றார்.

"ரொம்ப டிபெண்டபிள் சார். நல்ல பொண்ணு."

"அது சரி. என்ன பண்ணினா?"

மேனேஜருக்குப் பதில் வரவில்லை. அவர் மோசமான ஆள் இல்லை. சொல்ல அவரிடம் சம்பவம் எதுவும் இல்லை. அவள் வேலையில் எதுவும் உடையவில்லை, யாரும் மெயில் போடவில்லை, எஸ்கலேஷன் இல்லை. "அப்போ மூணு போடுங்க" என்று என்னைப் பார்த்தார் டெலிவரி ஹெட். நான் செல்லுக்குக் கர்சரைக் கொண்டுபோன நேரத்தில், டேட்டாபேஸ் டீம் மேனேஜர் காபிக் கோப்பையிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: "முன்னெல்லாம் மாசக் கடைசின்னா எங்க பசங்களுக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு போன் வரும். இந்த வருஷம் ஒரு போன்கூட வரலை. ஏன்னு நானும் யோசிச்சேன்."

ஷிஃப்ட் ஹேண்ட்ஓவர் ஷீட்டைத் திறக்கச் சொன்னார்கள். திறந்தேன். மாதம் தவறாமல் 27, 28 தேதிகளில் அவள் பெயரில் ஒரே மாதிரி ஒரு வரி: "ஆர்க்கைவ் டிரைவ் 82 சதவீதம். பழைய ஃபைல்களை நகர்த்தியாச்சு. மந்த் எண்டுக்கு ஓகே." டிரைவ் நிரம்பி ராத்திரியில் பேட்ச் நிற்பதுதான் பல வருஷத் தொல்லை. அவள் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி, அலர்ட் வருவதற்கு முன்பே இடத்தைக் காலி செய்துகொண்டிருந்திருக்கிறாள். யாரும் செய்யச் சொல்லவில்லை. செய்ததை அவளும் யாரிடமும் சொல்லவில்லை. பக்கத்திலேயே முந்தைய வருஷத்து டிக்கெட்டுகளை ஃபில்டர் போட்டதும் அறையில் சத்தம் அடங்கிவிட்டது. நாலு கிடைத்தது.

இதோடு முடிந்திருந்தால் நானும் சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருப்பேன். ஆனால் ஷீட்டின் அடியில் எண்ணிக்கை சிவப்பாகிவிட்டது. நாலு வாங்கியவர்கள் அனுமதித்ததைவிட ஒருவர் அதிகமாகிவிட்டார்கள். "யாரையாவது இறக்கணும்" என்றார் எச்.ஆர். பார்ட்னர், ஏதோ லிஃப்டில் எடை கூடிவிட்ட தொனியில். மேலும் கீழும் ஸ்க்ரோல் செய்தோம். ஒரு பெயரில் நின்றது. அவனுடைய மேனேஜர் அன்று லீவு, அப்பாவுக்கு ஆபரேஷன். அவனைப் பற்றிப் பேச அறையில் யாரும் இல்லை. நாலு மூணானது. எனக்கு நினைவிருக்கும் வரை அவன் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை, நல்லதோ கெட்டதோ, அங்கே பேசப்படவில்லை.

அவனுக்குச் சொல்லப்பட்ட காரணம் என்னவென்று உங்களுக்கே தெரியும். பெல் கர்வ். டீக்கடையில் என்னிடம், "நான் எதுல குறைஞ்சுட்டேன்னு சொன்னா திருத்திக்குவேன்ல?" என்று கேட்டான். கூட்டத்தில் பேசியதை வெளியே சொல்லக் கூடாது என்பது விதி. அவன் திருத்திக்கொள்ளவும் ஒன்றும் இல்லை.

பெரியப்பாவின் சி.ஆர்.

இதைப் பெயர்கள் இல்லாமல் பெரியப்பாவிடம் சொன்னேன். தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஐடிக்காரர்களுக்கு அரசு அலுவலகம் என்றாலே ஒரு இளக்காரம் உண்டு, எனக்கும்தான். அவர் சிரித்துவிட்டு, "உங்க ஆபீஸ் இன்னும் எங்க பழைய காலத்துலயே இருக்காடா?" என்றார்.

அவர்கள் காலத்தில் சி.ஆர். என்றால் இரகசியக் குறிப்பு. மேலதிகாரி என்ன எழுதினார் என்று ஊழியருக்குத் தெரியாது. மோசமாக எழுதியிருந்தால் மட்டும் தெரிவிப்பார்கள். அந்த ஏற்பாட்டை உடைத்தது எல்லைச் சாலைப் பொறியாளர் பணியில் இருந்த தேவ் தத் என்பவரின் வழக்கு. அவருக்கு அடுத்த பதவி உயர்வுக்குத் தொடர்ந்து ஐந்து வருஷம் 'மிக நன்று' தேவை. 1993-94இல் ஒரே ஒரு 'நன்று' இருந்தது. நன்று என்பது மோசம் இல்லையே, அதனால் அவருக்கு அது தெரிவிக்கப்படவில்லை. பதவி உயர்வு போனது. உச்ச நீதிமன்றம் 2008 மே மாதத் தீர்ப்பில், எந்தக் குறிப்பாக இருந்தாலும் ஊழியருக்குக் காட்ட வேண்டும் என்றது. ஒரு 'நன்று' பதவி உயர்வைத் தடுக்கிறது என்றால், நடைமுறையில் அது பாதகமான குறிப்புதானே என்பது வாதம். 2013இல் மூன்று நீதிபதிகள் அமர்வும் அதை உறுதி செய்தது. எங்கள் மூணும் இதே சாதிதான். காகிதத்தில் 'எதிர்பார்ப்பைப் பூர்த்தி செய்தார்', கையில் ப்ரமோஷன் இல்லை.

மத்திய அரசு 2009 மே மாதம் ஆணை போட்டது. குறிப்பு முழுவதையும் ஊழியருக்குக் கொடுக்க வேண்டும், மறுப்பு எழுத அவருக்கு 15 நாள். மார்க் ஒன்றிலிருந்து பத்து வரை. எனக்குப் பிடித்தது அதனுடன் வரும் இன்னொரு விதி: ஒன்று, இரண்டு போட்டால் குறிப்பிட்ட தவறுகளை எழுத வேண்டும். ஒன்பது, பத்து போட்டால் குறிப்பிட்ட சாதனைகளை எழுத வேண்டும். "நல்ல பொண்ணு, டிபெண்டபிள்" என்று எழுதிவிட்டுப் போக முடியாது.

"முப்பது வருஷம் நம்மளப் பத்தி என்ன எழுதியிருக்கான்னு தெரியாமலே வேலை பார்த்தோம். ரிட்டயர் ஆகுறதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் முதல் தடவையா என் ரிப்போர்ட்டை நானே படிச்சேன்" என்றார் பெரியப்பா. நான் உருகிப்போய் உட்கார்ந்திருக்க, அவரே ஊசியால் குத்தினார்: "ஆனா காட்டணும்னு வந்ததும் என்ன ஆச்சு தெரியுமா? எவனும் எவனையும் பகைச்சுக்க விரும்பலை. எல்லாருக்கும் எட்டு, ஒன்பது. உழைக்கிறவனும் எட்டு, பேப்பர் படிக்கிறவனும் எட்டு."

இந்தக் குறையை நான் ஒதுக்கித் தள்ளவில்லை. காட்டினால் மார்க் வீங்கும். இருந்தும் எனக்கு எது மேல் என்று கேட்டால், காட்டுவதுதான். வீங்கிய மார்க்கை நாலு பேர் சேர்ந்து கேள்வி கேட்கலாம். மூடிய அறையில் இறக்கிய மார்க்கைக் கேட்க அவனுக்கு ஒரு முகவரிகூட இல்லை.

சம்பளம் பேசும் நாளில் காது அடைத்துவிடும்

ஜெனரல் எலக்ட்ரிக்கைத் திட்டுகிறவர்கள் பலருக்குத் தெரியாத ஒன்று: வெல்ச் தலைமைக்கு வருவதற்கு வெகு காலம் முன்பே அந்தக் கம்பெனி தன் அப்ரைசல் பேச்சுகளைத் தானே ஆராய்ந்து பார்த்திருக்கிறது. 1965இல் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூவில் வெளியான கட்டுரை. குறை சொல்லச் சொல்ல ஆட்கள் தங்களைக் காத்துக்கொள்வதிலேயே இறங்குகிறார்கள். அதிகம் குறை கேட்டவர்கள் குறைவாகத்தான் முன்னேறினார்கள். சம்பளத்தையும் வேலை முன்னேற்றத்தையும் ஒரே அமர்வில் பேசாதீர்கள் என்று அதில் சொன்னார்கள். சொந்த வீட்டு வைத்தியம், வீட்டுக்காரர்களே குடிக்கவில்லை.

நேரில் பார்த்தால் புரியும். கடிதத்தில் சதவீதம் எவ்வளவு என்று தெரியும்வரை ஒருவர் காதில் எதுவும் ஏறாது, தெரிந்த பிறகும் ஏறாது. மேனேஜர் "கம்யூனிகேஷன் இன்னும் இம்ப்ரூவ் பண்ணலாம்" என்று சொல்லிக்கொண்டிருப்பார், எதிரில் இருப்பவர் மனசுக்குள் பி.எஃப். கழித்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார். அந்தக் கம்யூனிகேஷன் பேச்சும் வெறும் ஆளைப் பற்றிய பேச்சு. க்ளூகர், டிநிசி என்ற இரு ஆய்வாளர்கள் 1996இல் பழைய ஆய்வுகளை எல்லாம் தொகுத்துப் பார்த்தார்கள். வேலையைப் பற்றிக் கருத்துச் சொல்வதால் சராசரியில் பலன் இருந்தது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட இடங்களில், கருத்துக் கேட்ட பிறகு வேலை இன்னும் மோசமானது. வேலையை விட்டுவிட்டு ஆளின் மேல் கவனம் திரும்பும்போது பலன் குறைகிறது என்பது அவர்கள் விளக்கம். "செப்டம்பர் ரிலீஸ் அழைப்பில் கிளையன்ட் கேட்ட கேள்விக்கு நீங்கள் சொன்ன பதில் அவருக்குப் புரியவில்லை, திரும்ப மெயில் போட்டுக் கேட்டார்" என்று சொன்னால் அதை வைத்துக்கொண்டு ஏதாவது செய்யலாம். "கம்யூனிகேஷன்" என்றால் என்ன செய்வது? இங்கிலீஷ் வகுப்பில் சேர்வதா?

அப்படிச் சொல்ல வேண்டுமானால் செப்டம்பரிலேயே எழுதி வைத்திருக்க வேண்டும். மார்ச்சில் உட்கார்ந்து யோசித்தால் ஜனவரி, பிப்ரவரிதான் நினைவுக்கு வரும். இதை ஒழுங்காகச் செய்யும் ஒரே ஒரு மேனேஜரை எனக்குத் தெரியும். மாதாந்தர ஒன் ஆன் ஒன் முடிந்ததும் தேதி போட்டு இரண்டு மூன்று வரி எழுதி, அதை அந்த ஆளுக்கே மெயிலில் அனுப்பிவிடுவார். அவ்வளவுதான். அவர் டீமில் ரேட்டிங் கடிதம் வரும் நாளில் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. கோபப்படுவார்கள், அது வேறு.

செல்ஃப் அப்ரைசலை நம்பினால் போதாதா, அவரவர் செய்ததை அவரவரே எழுதட்டுமே என்பார்கள். எழுதத் தெரிந்தவருக்கு அது வரம். நம்மில் பலர் தன்னைப் பற்றித் தானே பேசுவது தம்பட்டம் என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள். தமிழ் வழியில் படித்து வந்த பையன் ஆறு மாத வேலையை 'கம்ப்ளீட்டட் ஆல் டாஸ்க்ஸ்' என்று ஒரே வரியில் முடித்திருப்பான். பக்கத்து சீட்டுக்காரர் இரண்டு நாள் வேலைக்கு இரண்டு பக்கம் எழுதியிருப்பார். ஆர்க்கைவ் டிரைவ் பெண்ணின் படிவத்தை அப்புறம் பார்த்தேன். அந்த ஸ்கிரிப்ட்டைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. இப்போது இந்த வித்தியாசமும் குறைந்து வருகிறது, எல்லோருக்கும் சாட்ஜிபிடி எழுதித் தருகிறது. மேனேஜரும் அதையே சாட்ஜிபிடியில் போட்டுச் சுருக்கிக்கொள்கிறார். நடுவில் மனிதர்கள் எதற்கு என்று தெரியவில்லை.

ஷீட்டில் இரண்டு நெடுவரிசை

ஷீட் என் கையில் இருப்பதால் எச்.ஆரிடம் இரண்டு நெடுவரிசை சேர்க்கக் கேட்டேன். ஒன்று, கூட்டத்தில் எந்த எண்ணை மாற்றினாலும் அதற்குக் காரணமான சம்பவம், தேதி, சொன்னவர் பெயர். காசு போதாமல் இறக்கினால் அதையும் 'பட்ஜெட்' என்று நேராகவே எழுத வேண்டும். இரண்டு, எண் உறுதியாவதற்கு முன் அந்தக் காரணம் ஊழியருக்குப் போக வேண்டும், பதில் எழுத அவருக்கு ஒரு வாரம். ஆள் இல்லாத மேனேஜரின் டீமைப் பற்றிக் கூட்டம் நடத்தக் கூடாது என்றும் கேட்டேன். அதற்கு "காலண்டர் டைட்டா இருக்கு" என்றார்கள்.

முதல் நெடுவரிசைக்கு ஒப்புக்கொண்டார்கள். அது வந்த பிறகு நடந்த முதல் கூட்டத்தில் வழக்கம்போல டெலிவரி ஹெட் ஒரு பெயரில் வந்து, "இவனுக்கு மூணு போதும்" என்றார். நான் மூணைத் தட்டிவிட்டு, "காரணம் என்ன போடட்டும் சார்?" என்று கேட்டேன். ப்ரொஜெக்டரில் அந்தக் காலியான செல் எல்லோர் கண்ணிலும் பட்டுக்கொண்டிருந்தது. அவர் மேனேஜரைப் பார்த்தார், மேனேஜர் என்னைப் பார்த்தார். "சரி, நாலே இருக்கட்டும், அடுத்த பேர் போங்க."

சிவப்பு எண்ணிக்கை அப்படியேதான் இருக்கிறது. யாராவது இறங்கத்தான் வேண்டும், பட்ஜெட்டை நான் கூட்ட முடியாது. இப்போது இறங்குகிறவரைப் பற்றி ஐந்து நிமிஷமாவது பேசுகிறார்கள். நாலு மணிக்கு அறையைக் காலி செய்ய முடிவதில்லை, அடுத்த டீம்காரர்கள் கதவைத் தட்டுகிறார்கள். சில காரணங்கள் அந்த நேரத்தில் ஜோடித்தவை என்று எனக்கே தெரிகிறது. ஊழியர் படித்துப் பார்க்காத வரை ஜோடனையைப் பிடிக்க ஆள் இல்லை. இரண்டாவது நெடுவரிசை அதற்குத்தான். அது லீகல் டீமிடம் இருக்கிறது. அவர்களுக்குப் பயம், எழுத்தில் கொடுத்தால் நாளை எவராவது லேபர் கோர்ட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவார்களோ என்று. போகட்டுமே, எழுதியது உண்மையாக இருந்தால் என்ன பயம் என்று கேட்டேன். பதில் மெயில் இன்னும் வரவில்லை.